பக்கத்து வீட்டு மாமரம், நம் மொட்டை மாடி: கிளையை எதுவரை வெட்டலாம்?

வாசகி கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. தஞ்சாவூரில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறேன். பக்கத்து வீட்டு மாமரத்தின் இரண்டு பெரிய கிளைகள் காம்பவுண்டு சுவரைத் தாண்டி எங்கள் மொட்டை மாடிக்கு மேல் படர்ந்திருக்கின்றன. சருகு விழுந்து வடிகுழாய் அடைத்துக்கொள்கிறது. மாடியில் தண்ணீர் தேங்கி, சமையலறைக் கூரையில் ஈரம் இறங்குகிறது. முசுறு எறும்பு வேறு. துணி காயப்போட முடியவில்லை. ஒரு கிளையில் கறையான் மண் ஏறியிருக்கிறது, காற்றடித்தால் ஆடுகிறது. பக்கத்து வீட்டு அண்ணனிடம் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். "இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிற கிளை, எனக்கு உரிமை வந்தாகிவிட்டது. கை வைத்தால் போலீஸுக்குப் போவேன்" என்கிறார். வெட்ட எனக்கு உரிமை உண்டா? வெட்டினால் காய் யாருக்கு? வீட்டு வேலைக்கு வந்த ஒருவர், வேரில் ஆசிட் ஊற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றார். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. மகன் மாடியில் சோலார் போடலாம் என்கிறான். நிழல் விழுமே, அதற்கும் இந்த உரிமை உதவுமா?

அன்புள்ள அம்மா,

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில். உங்கள் மாடிக்கு மேல் நீண்டிருக்கும் கிளையை, உங்கள் இடத்தில் நின்றுகொண்டு, எல்லைக் கோடு வரை வெட்டுவது குற்றமல்ல. அதற்கு நீதிமன்ற உத்தரவும் தேவையில்லை. நிலம் உங்களுடையது என்றால், நீங்கள் புழங்கும் உயரம் வரை அதன் மேலுள்ள வெளியும் உங்களுடையதுதான். அங்கே அனுமதியில்லாமல் நுழைந்திருப்பது அந்தக் கிளை. அதை உங்கள் பக்கத்தில் நீக்கிக்கொள்ளும் உரிமையை அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1894-லேயே லெம்மன் எதிர் வெப் வழக்கில் உறுதி செய்தது. அடுத்தவர் நிலத்தில் கால் வைக்காமல் வெட்ட முடிந்தால், முன்கூட்டி அறிவிப்புக் கொடுக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை என்று சொன்ன தீர்ப்பு அது. நம் நாட்டு உயர் நீதிமன்றங்களும் பிரிட்டிஷ் காலத்திலிருந்தே இதே வழியில்தான் சென்றிருக்கின்றன.

அடுத்தது அந்த 'இருபது வருஷ' வாதம். இதைச் சொல்லாத மரக்காரர் இல்லை. அவர்கள் அதை உண்மையாகவே நம்புகிறார்கள். 1882-ம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், பிரிவு 15-ல் இருபது வருடக் கணக்கு இருப்பது நிஜம். ஒரு பாதையில் இருபது வருடம் தடையில்லாமல் நடந்து வந்தாலோ, ஒரு ஜன்னல் வழியாக அவ்வளவு காலம் வெளிச்சம் வந்திருந்தாலோ, அது உரிமையாக நிலைபெறும். கிளைக்கு அது பொருந்தாது. பாதை நேற்றும் இன்றும் அதே அகலத்தில் இருக்கிறது. கிளை நாளுக்கு நாள் நீள்கிறது, தடிக்கிறது. போன வருடம் இருந்த அளவில் இந்த வருடம் இல்லை. எந்த அளவை இருபது வருடம் அனுபவித்தார் என்று சொல்லவே முடியாதபோது அதில் உரிமை பிறக்காது. இன்னொன்றும் உண்டு. இது தினம் தினம் தொடரும் இடையூறு என்பதால், 1963-ம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், பிரிவு 22-ன்படி இது நீடிக்கும்வரை உங்கள் வழக்குரிமைக்கான காலமும் புதிதாகத் தொடங்கிக்கொண்டே இருக்கும். இத்தனை காலம் பொறுத்துப் போனதால் நீங்கள் எதையும் இழந்துவிடவில்லை.

இனி எல்லைக்கு வருவோம். உங்கள் உரிமை எல்லைக் கோட்டோடு நின்றுவிடுகிறது. கிளை எங்கே முளைக்கிறதோ அங்கே, அதாவது அவர் பக்கத்தில் தண்டை ஒட்டி வெட்டினால்தான் மரத்துக்கு நல்லது என்று ஆள் சொல்வார். அது சரிதான், ஆனால் அதற்கு அவர் சம்மதம் வேண்டும். சம்மதமில்லாமல் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் வெட்டினாலும் அது அவர் சொத்துக்குச் செய்த சேதம். அவர் மறுத்த பிறகும் வெட்டுகிற ஆள் சுவரேறி அந்தப் பக்கம் இறங்கினால், அத்துமீறி நுழைந்ததாகப் புகார் கொடுக்க அவருக்கு வாய்ப்புக் கிடைத்துவிடும். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் போலீஸுக்குப் போய் எதையாவது சாதிக்க முடியும் என்றால், அது இப்படி நீங்கள் கொடுக்கும் காரணத்தால்தான் முடியும்.

காம்பவுண்டு சுவர்தான் எல்லை என்று நினைத்துக்கொண்டு ஆரம்பிக்காதீர்கள். பழைய குடியிருப்புகளில் சுவர் ஒரு அடி உள்ளேயோ வெளியேயோ போயிருப்பது சகஜம். பத்திரத்தில் உள்ள நான்கு எல்லை அளவையும் புலப்படத்தையும் (எஃப்.எம்.பி.) ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் நில அளவைக்கு மனுப் போட்டு, சர்வேயரை வைத்துக் கல் நடச் செய்துவிடுங்கள். இந்தச் செலவு வீண் போகாது. மரத் தகராறு என்று ஆரம்பித்து எல்லைத் தகராறாக முடிந்த வழக்குகள் எங்கள் கோர்ட்டில் நிறைய உண்டு.

காய் யாருக்கு என்று கேட்டீர்கள். மரம் யாருடையதோ அவருக்கே. கிளை உங்கள் பக்கம் இருக்கிறது என்பதால் காயும் கட்டையும் உங்களுடையதாகிவிடாது. பக்கத்து வீட்டு மரத்தின் கிளையிலிருந்த ஆப்பிள்களைப் பறித்து விற்றவர், மரக்காரருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று 1919-ல் மில்ஸ் எதிர் புரூக்கர் என்ற இங்கிலாந்து வழக்கில் தீர்ப்பானது. எனவே வெட்டிய கட்டையையும் காயையும் ஓரமாக அடுக்கி வைத்துவிட்டு, எடுத்துக்கொள்ளுங்கள் என்று தகவல் சொல்லுங்கள். அவருடைய வாசலில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டாம். அப்படிக் கொட்டினால் வம்பு உங்களிடமிருந்து கிளம்பியதாகிவிடும். அவர் "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றால் அதை வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

ஆசிட் விஷயத்தில் உங்கள் மனம் சொன்னதுதான் சரி. வேரில் ஆசிட், தண்டில் துளை போட்டு மயில்துத்தம் என்று பல ஊர்களில் பல யோசனை சொல்கிறார்கள். அத்தனையும், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 324-ன்படி சொத்துச் சேதக் குற்றம். இழப்பின் மதிப்பு ஏற ஏற தண்டனையும் ஏறும். ஊற்றியவர் மட்டுமல்ல, ஊற்றச் சொன்னவரும் மாட்டுவார். சட்டத்தை விடுங்கள், பட்டுப்போன மாமரத்தின் கிளைகள் காய்ந்து எங்கே விழும்? உங்கள் மாடியில்தான். பச்சை மரத்தால் வரும் தொல்லையைவிட அது பெரிய ஆபத்து. ஒரு மாமரம் அந்த அளவுக்கு வளர ஒரு தலைமுறை ஆகிறது. உங்களுக்கு வேண்டியது இரண்டு கிளைகள் நீங்குவது. மரம் சாக வேண்டியதில்லை.

இவ்வளவு உரிமையும் இருந்தும், அரிவாளை எடுப்பதற்கு முன் ஒரு கடிதம் எழுதுங்கள் என்றுதான் சொல்வேன். வாயால் இரண்டு முறை சொன்னது நாளைக்கு எங்கேயும் நிற்காது. கடிதத்துக்கு ஒரு தனி மதிப்பு இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. நல்ல மரம் ஒன்று புயலில் சாய்ந்து பக்கத்து வீட்டை உடைத்தால், அது இயற்கைச் சீற்றம் என்று சொல்லி மரக்காரர் தப்பித்துக்கொள்ளலாம். கறையான் அரித்த கிளை என்று போட்டோவோடு எழுதிக் கொடுத்த பிறகு அது விழுந்தால், "எனக்குத் தெரியாது" என்று அவர் சொல்ல முடியாது. தெரிந்தும் கவனிக்காமல் விட்டது அலட்சியம். அலட்சியத்துக்கு நஷ்டஈடு உண்டு. கஜா புயல் 2018 நவம்பரில் டெல்டாவில் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் ஐப்பசி மழைக்கு முன்பே இந்தக் கடிதம் அவர் கையில் இருக்க வேண்டும்.

கடிதத்தில் சட்டப் பிரிவு, மிரட்டல் எதுவும் வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"அன்புள்ள அண்ணனுக்கு, உங்கள் வீட்டு மாமரத்தின் இரண்டு கிளைகள் எங்கள் மாடிக்கு மேல் வந்திருக்கின்றன. மேற்கே உள்ள கிளையில் கறையான் ஏறியிருக்கிறது, போட்டோ இணைத்திருக்கிறேன். சருகு அடைத்து மாடியில் தண்ணீர் தேங்குவதால் சமையலறைக் கூரையில் ஈரம் இறங்குகிறது. மரம் கெடாதபடி நீங்களே ஆள் வைத்து இந்தக் கிளைகளை எடுத்துக் கொடுத்தால் நல்லது. கூலியில் பாதியை நான் தருகிறேன். பதினைந்து நாளுக்குள் உங்கள் முடிவைச் சொல்லுங்கள். இல்லையென்றால், எங்கள் எல்லைக்குள் இருக்கும் பகுதியை மட்டும் நானே எடுத்துவிட்டு, கட்டையை உங்களிடம் ஒப்படைத்துவிடுகிறேன்."

தேதி போட்டு, ஒரு நகல் வைத்துக்கொண்டு, ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்புங்கள். பக்கத்து வீட்டுக்குத் தபாலா என்று கூச்சமாக இருக்கும். கையில் கொடுத்து, பேசிவிட்டு, அதே நகலைத் தபாலிலும் போடுங்கள். பாதிக் கூலி தருவது சட்டப்படி உங்கள் கடமை இல்லைதான். ஆனால் நீங்களாகவே வெட்டினால் முழுக் கூலியும் உங்கள் தலையில்தான் விழும். அதைத் திரும்ப வாங்க வேண்டுமானால் தனியாக வழக்குப் போட வேண்டும். கணக்குப் பார்த்தால் பாதிக் கூலி உங்களுக்கு லாபம். அதோடு அவர் சம்மதித்தால் கிளையை முளைக்கும் இடத்திலேயே ஒழுங்காக எடுக்கலாம்.

அந்த ஒழுங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிச் சண்டை வெட்டிய விதத்தால் வருகிறது. மாமரத்தில் காய் இறங்கி முடிந்த பிறகு, ஆடி ஆவணியில் கவாத்து செய்வதுதான் நல்லது. புதுத் துளிர் வந்து முற்ற நேரம் கிடைக்கும், மார்கழி தையில் பூ எடுக்கும். பூவும் பிஞ்சுமாக இருக்கும்போது வெட்டினால் அவர் கோபத்தில் நியாயம் இருக்கும். கிளையை அரிவாளால் மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டக் கூடாது. பாரம் தாங்காமல் பட்டை தண்டு வரை உரிந்துகொண்டு போகும். முதலில் அடிப்பக்கம் கால்வாசி அறுத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்க வேண்டும். கடைசியில் மிச்சமிருக்கும் கட்டைத் துண்டை, கிளை தண்டோடு சேரும் இடத்திலுள்ள தடித்த வளையத்துக்கு வெளியே சுத்தமாக அறுக்க வேண்டும். அந்த வளையத்திலிருந்துதான் காயம் மூடும். வெட்டுவாயில் போர்டோ பசை பூசினால் பூஞ்சை ஏறாது. மாடிக்கு மேல் இருக்கும் கிளையைக் கயிறு கட்டித்தான் இறக்க வேண்டும். அப்படியே விழ விட்டால் கைப்பிடிச் சுவர் போய்விடும்.

இரண்டு பெரிய கிளைகளும் ஒரே பக்கம் என்பதால், இரண்டையும் ஒரே நாளில் எடுத்தால் மரத்தின் பாரம் மறுபக்கம் சாயும். கறையான் பிடித்ததை இந்த வருடமும் மற்றதை அடுத்த வருடமும் எடுப்பது நல்லது என்று அனுபவமுள்ள ஆள் சொன்னால் கேளுங்கள். வேர் உங்கள் பக்கம் வந்திருந்தால் அதற்கும் இதே உரிமைதான், ஆனால் தண்டுக்கு அருகில் உள்ள பெரிய வேரை மட்டும் தொடாதீர்கள். நீங்கள் வேரை வெட்டியதால் மரம் சாய்ந்தது என்று வந்தால், பழி உங்கள் மேல் திரும்பிவிடும்.

வெட்டும் முன் கூடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்குள், பாதுகாக்கப்பட்ட பறவைகளின் கூட்டையும் முட்டையையும் கலைப்பதும் அடங்கும். குஞ்சு பறக்கும்வரை சில வாரம் தள்ளிப்போட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. கிளைக்குப் பக்கத்தில் மின்கம்பி போனால் உங்கள் ஆளைக் கிட்டேயே விடாதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ல் புகார் பதிந்தால், மின்சாரத்தை நிறுத்தி அவர்களே கம்பிக்கு அருகிலுள்ள பகுதியை எடுத்துவிடுவார்கள்.

நான் சொல்வதெல்லாம் தனியார் வீட்டு மாமரத்துக்கு. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக: தெருவோர மரம் என்றால் கிளையையும் தொடக் கூடாது, மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ மனுக் கொடுக்க வேண்டும். பனை என்றால் மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். சந்தன மரத்துக்குத் தனிச் சட்டவிதிகள் உண்டு. பெங்களூருவிலோ மும்பையிலோ டெல்லியிலோ இருக்கும் தமிழர்கள், அந்தந்த மாநில மரப் பாதுகாப்புச் சட்டத்தைப் பார்க்காமல் அரிவாள் எடுக்க வேண்டாம். அங்கே சொந்த வீட்டு மரத்துக்கே அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.

சரி, கடிதம் போய் பதினைந்து நாளாகியும் அவர் அசையவில்லை என்றால்? அப்போது உங்கள் பக்கத்தை நீங்களே வெட்டிக்கொள்ளலாம். வெட்டும் நாளில் முன்னும் பின்னும் வீடியோ எடுத்து வையுங்கள். அவர் கோர்ட்டுக்கு ஓடி, உங்களைக் கேட்காமலேயே ஒரு தடையுத்தரவு வாங்கிவிடுவாரோ என்று தோன்றினால், முன்னதாகவே உரிமையியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 148-ஏ-ன்கீழ் கேவியட் மனு ஒன்றைப் போட்டு வையுங்கள். அது தொண்ணூறு நாள் உயிரோடு இருக்கும். அதற்குள் அவர் எந்த மனுப் போட்டாலும் உங்களுக்கு நோட்டீஸ் வந்த பிறகுதான் உத்தரவு.

நீங்களாக வெட்டும் அளவுக்குப் போக விருப்பமில்லை என்றால், நேரே முன்சீப் கோர்ட்டுக்குப் போகாமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். தஞ்சாவூர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. வழக்குப் போடுவதற்கு முன்பே அவரை அழைத்துப் பேச வைப்பார்கள். அவர்கள் நடத்தும் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சமரசம் எழுதிக் கையெழுத்தானால், 1987-ம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், பிரிவு 21-ன்படி அது உரிமையியல் நீதிமன்றத்தின் தீர்ப்பாணைக்குச் சமம், அதன்மேல் அப்பீல் கிடையாது. கோர்ட் கட்டணமும் கிடையாது. பெண் என்பதால், வருமானம் எதுவாக இருந்தாலும், பிரிவு 12-ன்படி இலவச வழக்கறிஞர் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள். உங்கள் விஷயத்தில் நான் மிகவும் நம்புவது இந்த வழியைத்தான். அந்த அண்ணனுக்கு உங்கள் மேல் பகை இருப்பதாக உங்கள் கடிதத்தில் தெரியவில்லை. தனக்கு உரிமை இருக்கிறது என்ற தப்பான எண்ணம் மட்டும்தான் தெரிகிறது. அது இல்லை என்று கோர்ட் வளாகத்தில் உட்கார்ந்து மூன்றாவது மனிதர் சொன்னால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள்.

அதிலும் முடியாவிட்டால் கடைசியாக உரிமையியல் வழக்கு: கிளையை அகற்றச் சொல்லும் செயலுறுத்துக் கட்டளை, கூரைக்கு ஆன சேதத்துக்கு நஷ்டஈடு. அட்வகேட் கமிஷனரை (கோர்ட் சார்பில் இடத்தைப் பார்வையிடும் வழக்கறிஞரை) நியமிக்கச் சொல்லி மனுப் போட்டால் அவர் நேரில் வந்து பார்த்து அறிக்கை கொடுப்பார். இது மெதுவான வழி.

கறையான் பிடித்த கிளை மட்டும் காத்திருக்காது. அது முறிந்து ஆள் மேல் விழும் நிலை என்றால், கோட்டாட்சியருக்கு (ஆர்.டி.ஓ.) மனுக் கொடுக்கலாம். விழக்கூடிய மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ உத்தரவிடும் அதிகாரம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ம் பிரிவு. அக்கம்பக்கத்தில் குடியிருப்போருக்கும் வழிப்போக்கருக்கும் ஆபத்து என்பதே அதன் அடிப்படை என்பதால், மனுவில் சருகு, எறும்பு எல்லாம் எழுதி நீர்த்துப்போக வைக்காதீர்கள். கறையான், ஆட்டம், கீழே யார் யார் நடக்கிறார்கள், போட்டோ. இவை போதும்.

அவர் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், இந்த மழைக்கு முன் வடிகுழாய் வாயில் ஒரு கம்பி வலைக் கூடையைப் பொருத்திவிடுங்கள். வீட்டுக் காப்பீடு இல்லையென்றால் 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியைப் பற்றி விசாரியுங்கள். 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் அதைத் தருகின்றன. புயலும், மரம் விழுந்து ஏற்படும் சேதமும் அதில் அடக்கம்.

சோலாரைப் பற்றி உங்கள் மகனுக்கு. எல்லை தாண்டிய கிளையின் நிழல் என்றால் கிளையோடு நிழலும் போகும். அவர் நிலத்துக்குள்ளேயே நேராக நிற்கும் மரத்தின் நிழலை நீக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை கிடையாது. புதிதாகப் போடும் பேனலுக்கு வெயில் வேண்டும் என்று அவர் மரத்தைக் குட்டையாக்கச் சொல்ல முடியாது. மரம் உங்கள் வீட்டுக்குத் தெற்கே இருந்தால், ஐப்பசியிலிருந்து மாசி வரை சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் நிழல் நீளமாக விழும். ஒரே வரிசையில் இணைத்த பேனல்களில் ஒன்றில் நிழல் பட்டாலும் அந்த வரிசை முழுவதன் உற்பத்தியும் குறையலாம். எனவே கிளை எடுத்த பிறகு, மார்கழியில் ஒருநாள் காலை ஒன்பது மணிக்கும் பகல் பன்னிரண்டுக்கும் மாலை மூன்றுக்கும் மாடியில் நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள். மூன்று நேரமும் வெயில் படும் இடம் போதுமான அளவு இருந்தால் அங்கே போடச் சொல்லுங்கள். அதற்கு முன் பணம் கட்ட வேண்டாம்.